சிவிலைசேஷன் 6: எந்த வெற்றிக்கு எந்தத் தலைவர்?

அறிவியல் வெற்றிக்கு யாரை எடுக்கலாம் என்று கேட்டால் கொரியா என்பார்கள். கலாச்சாரத்துக்கு கிரேக்கத்தின் பெரிக்கிளிஸ், சண்டைக்கு சிதியா, மதத்துக்கு ரஷ்யா. ஒரு நாகரிகத்தின் தலைவராக இருந்து உலகை வெல்லும் கணினி ஆட்டமான சிவிலைசேஷன் 6-ஐ ஆடுபவர்களிடம் இந்தப் பட்டியல் வாய்ப்பாடு மாதிரி இருக்கிறது. பட்டியலில் பெரிய தப்பில்லை. தலைவரின் திறமையில் எந்த வார்த்தை வருகிறதோ அதே வார்த்தை கொண்ட வெற்றியோடு அவரைச் சேர்த்துவிடுகிறது, அதுதான் அதன் குறை. அறிவியல் புள்ளி தருபவர் அறிவியல் வெற்றிக்கு, ஃபெயித் (மதப் புள்ளி) தருபவர் மத வெற்றிக்கு என்று. ஆனால் ஒரு வெற்றியின் பெயர் ஒன்று, அந்த ஆட்டம் கடைசியில் போய் இழுபடும் இடம் வேறொன்று. அந்த இழுபறியில் உதவுபவரைத்தான் தேட வேண்டும் என்பது என் கட்சி.

ஃபிராக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கி 2016 அக்டோபரில் வெளியான ஆட்டம் இது. 2018-இல் 'ரைஸ் அண்ட் ஃபால்', 2019-இல் 'கேதரிங் ஸ்டார்ம்' என்று இரண்டு பெரிய விரிவாக்கங்கள் வந்தன. பிறகு 'நியூ ஃபிரான்டியர் பாஸ்' என்ற கூடுதல் தொகுப்பு முடிந்தபோது நாகரிகங்கள் 50 ஆகிவிட்டன. அவற்றுள் சிலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தலைவர்கள். வெல்லும் வழிகள் ஐந்து: அறிவியல், கலாச்சாரம், மதம், ஆதிக்கம், ராஜதந்திரம். 500 டர்ன் (சுற்று) முடிந்ததும் மதிப்பெண் பார்த்து வெற்றி தருவது ஆறாவது வழி. அதற்காகத் தலைவர் தேடுபவர் யாரும் இல்லை, விட்டுவிடுவோம். கீழே சொல்வதெல்லாம் கேதரிங் ஸ்டார்ம் விதிகளை வைத்து.

அறிவியலில் தொடங்குவோம். கொரியாவின் சொந்தக் கட்டடமான சியோவோன், அறிவியல் வளாகமான சாதாரண கேம்பஸுக்குப் பதிலாக வருகிறது. குன்றின் மேல்தான் கட்ட முடியும். கட்டியதுமே +4 அறிவியல். பக்கத்தில் வேறு டிஸ்ட்ரிக்ட் (நகரின் தனிப் பகுதி) வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி குறையும். மற்றவர்கள் மலைத்தொடர் எங்கே என்று தேடி அலையும்போது கொரியாக்காரர் எந்த மொட்டைக் குன்றிலும் கல்லூரி வைத்துவிடலாம். பக்கத்துச் சுரங்கங்களும் அறிவியல் தரும். ஆட்டத்தின் முதல் பாதியில் இதற்கு ஈடே இல்லை.

சரி, கடைசிப் பகுதியைப் பாருங்கள். விண்தளம் கட்ட வேண்டும், செயற்கைக்கோள் ஏவ வேண்டும், நிலவுக்கு ஆள் அனுப்ப வேண்டும், செவ்வாயில் குடியேற வேண்டும், கடைசியாக வேறொரு சூரியனின் கிரகத்துக்குக் கப்பல் விட வேண்டும். தொழில்நுட்பம் கிடைத்த பிறகு இவை ஒவ்வொன்றும் ஒரு நகரத்தின் உற்பத்தியால் முடிகிற வேலை. அந்தக் கப்பல் 50 ஒளியாண்டு போக வேண்டும், ஒரு டர்னுக்கு ஓர் ஒளியாண்டு வேகத்தில். அதாவது கப்பலை விட்ட பிறகும் 50 டர்ன். லேசர் நிலையம் ஒன்று முடித்தால் வேகம் ஒன்று கூடும். நான்கு முடித்தால் டர்னுக்கு ஐந்து ஒளியாண்டு, பத்தே டர்னில் வேலை முடியும். லேசர் நிலையமும் உற்பத்தியால் செய்வதுதான். ஆக, ஆட்டத்தின் எல்லாத் தொழில்நுட்பங்களையும் யாருக்கும் முன்பே முடித்துவிட்டு, விண்தளம் கட்ட இருபது டர்ன் ஆகும் என்று காட்டும் நகரத்தை வைத்துக்கொண்டு முழிக்கும் கொரியாக்கள் உண்டு.

அங்கேதான் ஜெர்மனி வருகிறது. பிரெடெரிக் பார்பரோசாவின் திறமைகளில் அறிவியல் என்ற சொல்லே இல்லை. ஆனால் அவருடைய ஹான்சா என்ற தொழிற்பகுதி, வணிக மையத்தின் அருகிலும் வளங்களின் அருகிலும் வைத்தால் உற்பத்தியை அள்ளித் தருகிறது. மக்கள்தொகை அனுமதிப்பதைவிட ஒரு டிஸ்ட்ரிக்ட் கூடுதலாகக் கட்டும் உரிமையும் ஜெர்மனிக்கு உண்டு. சின்ன நகரத்திலேயே கேம்பஸ், வணிக மையம், ஹான்சா மூன்றும் நிற்கும். பாதி ஆட்டம் வரை அறிவியலில் பின்தங்கித் தெரியும் ஜெர்மனி, கடைசி ஐம்பது டர்னில் எல்லோரையும் தாண்டுவது இதனால்தான். இரண்டும் கலந்த ஆள் வேண்டும் என்றால் ஸ்காட்லாந்தின் ராபர்ட் த புரூஸ். மக்கள் மகிழ்ச்சியாக இருக்கும் நகரங்களில் அறிவியலும் உற்பத்தியும் சேர்ந்து 5% ஏறும், மகிழ்ச்சி உச்சத்துக்குப் போனால் அது இரட்டிப்பாகும். ஆஸ்திரேலியாவின் ஜான் கர்டின் வேறு ரகம். யாராவது அவர் மேல் போர் அறிவித்தால் 10 டர்னுக்கு உற்பத்தி இரண்டு மடங்கு. கணினி எதிரிகள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதால், கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கர்டினுக்கு எதிரியின் கோபமே மானியம்.

கலாச்சார வெற்றியைத்தான் பெரும்பாலானவர்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பெயரில் கலாச்சாரம் இருப்பதால் கலாச்சாரப் புள்ளி சேர்த்தால் போதும் என்று தோன்றும். உண்மையில் வெற்றிக்கான கணக்கு வேறு. ஒவ்வொரு நாட்டுக்கும் உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் இருக்கிறார்கள். ஒரு நாடு தொடக்கத்திலிருந்து சேர்த்த கலாச்சாரத்தில் ஒவ்வொரு 100 புள்ளிக்கும் ஒருவர். நம்மிடம் வரும் வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை, மற்ற எந்த நாட்டின் உள்நாட்டுப் பயணிகளையும் தாண்ட வேண்டும். ஒரு வெளிநாட்டுப் பயணியை இழுக்க, ஆட்டத்தில் உள்ள நாடுகளின் எண்ணிக்கையை 200-ஆல் பெருக்கிய அளவுக்குச் சுற்றுலாப் புள்ளிகள் சேர வேண்டும். எட்டு நாடுகள் ஆடினால் ஓர் ஆளுக்கு 1600 புள்ளி.

இதைக் கொஞ்சம் யோசித்தால் விஷயம் விளங்கும். நாம் சேர்க்கும் கலாச்சாரம் நம்முடைய உள்நாட்டுப் பயணிகளைத்தான் கூட்டுகிறது. அதாவது அது கேடயம், அடுத்தவர் நம்மை வெல்லாமல் தடுக்கும். வாள் என்றால் அது சுற்றுலாதான். பெரிக்கிளிஸ் தன் செல்வாக்கில் இருக்கும் ஒவ்வொரு நகர அரசுக்கும் 5% கலாச்சாரம் பெறுகிறார். அருமையான திறமைதான், சமூகக் கொள்கைகள் சீக்கிரம் திறக்கும். ஆனால் அவர் கலாச்சார வெற்றிக்குப் பாதி வேலைதான் செய்கிறார் என்பேன். இன்னொன்று: அவர் எதிரியாக வந்தால்தான் அவருடைய அருமை தெரியும். அவருடைய உள்நாட்டுப் பயணிகள் ஏறிக்கொண்டே போவார்கள், நம் வெற்றிக்கோடு தள்ளிக்கொண்டே போகும். சில ஆட்டங்களில் கலாச்சார வெற்றிக்குக் குறுக்கு வழி, கலாச்சாரத்தில் முதலில் நிற்கும் நாட்டின் மீது படையெடுப்பதுதான்.

சுற்றுலா எங்கிருந்து வருகிறது? அதிசயங்கள், ஓவியங்கள், எழுத்துகள், தொல்பொருள்கள் என்று ஆரம்பித்து, கடைசியில் தேசியப் பூங்காக்களிலும் ராக் இசைக் குழுக்களிலும் போய் நிற்கும். பூங்கா அமைக்கும் இயற்கையியலாளரை ஃபெயித் கொடுத்துத்தான் வாங்க முடியும். ராக் குழுவும் அப்படியே. பெரும் கலைஞர்களையும் ஃபெயித் செலவழித்து வேலைக்கு எடுக்கலாம். இப்போது ரஷ்யாவைப் பாருங்கள். மதத்துக்கான நாடு என்று முத்திரை குத்தப்பட்ட பீட்டரின் லாவ்ரா, பாதி விலையில் கட்டும் புனிதத் தலம். அதில் கோயில்கள் எழ எழ, பெரும் எழுத்தாளர், ஓவியர், இசைக் கலைஞர் புள்ளிகளும் கிடைக்கும். ரஷ்யா பெரும்பாலும் தொடங்குவது பனிவெளி ஓரத்தில். மற்றவர் எவரும் சீண்டாத தூந்திர நிலம் ரஷ்யாவுக்கு ஃபெயித்தும் உற்பத்தியும் தரும். 'டான்ஸ் ஆஃப் த அரோரா' என்ற வழிபாட்டு நம்பிக்கையை எடுத்தால் லாவ்ராவைச் சுற்றியுள்ள ஒவ்வொரு தூந்திரக் கட்டத்துக்கும் ஒரு ஃபெயித் கூடும். அதோடு 'வொர்க் எத்திக்' என்ற மத நம்பிக்கையும் கிடைத்துவிட்டால் அந்த ஃபெயித் அளவுக்கு உற்பத்தியும் வரும். தொடக்கத்தில் மதம், நடுவில் கலைஞர்கள், கடைசியில் ராக் குழுக்கள் என்று ஒரே ஓட்டமாக ஓடும் தலைவர் வேறு யாரையும் நான் பார்க்கவில்லை.

மற்றவர்கள் துண்டு துண்டாக உதவுகிறார்கள். ஸ்வீடனின் கிறிஸ்டினா, அருங்காட்சியகம் நிரம்பியதும் அதைத் தானாகவே ஒரே கருப்பொருளில் தொகுத்ததாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். மற்றவர்கள் ஓவியங்களை மாற்றி மாற்றி வைத்து மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலை அது. பிரான்ஸுக்கு அதிசயங்களின் சுற்றுலா இரட்டிப்பு. மத்தியக்காலம் முதல் தொழிற்புரட்சிக்காலம் வரையிலான அதிசயங்களைக் கட்ட 20% வேகமும் உண்டு. அமெரிக்காவின் டெடி ரூஸ்வெல்ட் பூங்காக்களுக்கு.

மத வெற்றியின் இழுபறி வேறு மாதிரி, அது ஆரம்பத்திலேயே வந்துவிடும். எட்டுப் பேர் ஆடும் நடுத்தர வரைபடத்தில் ஐந்து மதங்களுக்குத்தான் இடம். உயர்ந்த நிலையான டெய்ட்டியில் கணினி எதிரி நகரம் அமைக்கும் மூன்று செட்லர்களோடு தொடங்குகிறது, நாம் ஒருவரோடு. மதம் நிறுவத் தேவையான பெரும் தீர்க்கதரிசியைப் பிடிக்கும் ஓட்டத்தில் தோற்றால் அந்த வெற்றி அங்கேயே முடிந்தது. அதனால் சலாதீனின் அரேபியாவுக்கு ஒரு தனி நிம்மதி. யார் முந்தினாலும் கடைசித் தீர்க்கதரிசி அவருக்கு என்று எழுதி வைத்தது போல. முந்தும் வேலையை மறந்துவிட்டு நகரங்களைப் பெருக்கலாம். கொங்கோவின் முவெம்பா இதற்கு நேர் எதிர்: புனிதத் தலம் கட்டவே முடியாது, மதமும் நிறுவ முடியாது. அவரை எடுத்துக்கொண்டு மத வெற்றிக்குப் போக வழியே இல்லை. ஆனால் எதிரியாக வந்தால் நம் மதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மகிழ்ந்துபோவார், அவருடைய குணமே அப்படி வகுக்கப்பட்டிருக்கிறது.

மதம் நிறுவிய பிறகு வேலை மதத்தைப் பரப்பும் அப்போஸ்தலர்களின் சண்டைதான். ஒவ்வொரு நாட்டிலும் பாதிக்கு மேற்பட்ட நகரங்கள் நம் மதத்தைப் பின்பற்ற வேண்டும். பைசான்டியத்தின் இரண்டாம் பேசில் இந்தச் சண்டையை உண்மையான சண்டையாகவே மாற்றிவிடுகிறார். எதிரியின் யூனிட் (படைப்பிரிவு) ஒன்றைக் கொன்றால் சுற்றியுள்ள நகரங்களில் மதம் பரவும். நகரம் நம் மதத்துக்கு வந்துவிட்டால் அவருடைய குதிரைப்படை அதன் மதிலை முழு வலுவோடு தாக்கும். மற்றவர்களின் குதிரைகள் மதிலில் முட்டித் திரும்பும் இடத்தில் இவருடைய டாக்மா என்ற குதிரைப்படை உள்ளே புகும். வேற்று மதத்தின் புனித நகரம் ஒன்று மாறினால் படைகளின் பலம் 3 கூடும். மதமா ஆதிக்கமா என்று ஆட்டத்தின் நடுவில்கூட முடிவு செய்துகொள்ளலாம்.

ஆதிக்க வெற்றிக்கு மற்ற எல்லா நாடுகளின் ஆதித் தலைநகரங்களும் நம் கையில் இருக்க வேண்டும். இங்கே முக்கியம் நேரம். எதிரியிடம் மதில் எழுவதற்கு முன் ஒரு வாய்ப்பு, பீரங்கி வந்த பிறகு ஒன்று, விமானம் வந்த பிறகு ஒன்று. நடுவில் தாக்கினால் யூனிட்டுகள் வீணாகும். சிதியாவின் டோமிரிஸ் முதல் வாய்ப்புக்கு. இலகு குதிரைப்படை ஒன்று செய்தால் இரண்டு கிடைக்கும், அடிபட்ட எதிரியிடம் பலம் 5 கூடும். பக்கத்து நாட்டுக்காரர் மதிலைப் பற்றி யோசிப்பதற்குள் அவர் தலைநகரம் போய்விடும். ஆனால் அந்த வேகம் முதல் மதில் வரைதான். கிரான் கொலம்பியாவின் சிமோன் பொலிவார் எல்லாக் காலத்துக்கும் ஆனவர். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு நகர்வு கூடுதல், பதவி உயர்வு கொடுத்தாலும் அந்த டர்ன் வீணாகாது. கேட்க அற்பமாக இருக்கும். ஆடிப் பார்த்தால் மற்ற தலைவர்களின் படை சேற்றில் நடப்பது போலத் தெரியும். ஜுலுவின் ஷாகா நடுக்காலத்துக்கு, யாருக்கும் முன்பே யூனிட்டுகளைச் சேர்த்துப் பெரும் படையாக்குவார்.

முத்திரையை நம்பினால் எவ்வளவு தப்பும் என்பதற்கு பாபிலோன்தான் எனக்குப் பிடித்த உதாரணம். ஹமுராபியை எல்லோரும் அறிவியல் தலைவர் என்பார்கள். ஒரு தொழில்நுட்பத்துக்கான யுரேகா நிபந்தனையை நிறைவேற்றினால் மற்றவர்களுக்குப் பகுதி விலைதான் குறையும், இவருக்கு முழுத் தொழில்நுட்பமே கிடைக்கும். பதிலுக்கு டர்னுக்கு வரும் அறிவியல் பாதிதான். இப்போது கணக்குப் போடுங்கள். மூன்று காட்டுமிராண்டிகளைக் கொன்றால் வெண்கலத் தொழில் வரும், வரைபடத்தில் இரும்பு எங்கே என்று தெரியும். மூன்று சுரங்கம் தோண்டினால் அப்ரென்டிஸ்ஷிப் வரும். மேன்-அட்-ஆர்ம்ஸ் என்ற மத்தியக்கால வீரர் அதில்தான் திறக்கிறார். அவர் பலம் 45. எதிரியிடம் அப்போது இருப்பது பலம் 20 உள்ள சாதாரணப் போர்வீரர்கள். மூன்று வில்லாளர் வைத்திருந்தால் மெஷினரி, அதாவது குறுக்குவில். ஹமுராபியின் உண்மையான பலம் முதல் நூறு டர்னில் இருக்கிறது, அதைச் சண்டையில்தான் செலவழிக்க வேண்டும். கடைசி யுகத்தில் யுரேகாக்கள் எட்டாத தொழில்நுட்பங்களுக்குப் பாதி அறிவியலோடு காத்திருப்பது பெரும் வதை.

ரைஸ் அண்ட் ஃபால் வந்த பிறகு ஆதிக்கத்தில் இன்னொரு தலைவலியும் சேர்ந்தது: விசுவாசம். பிடித்த நகரம் எதிரியின் மற்ற நகரங்களுக்கு நடுவே இருந்தால் சில டர்னில் கலகம் செய்து கைவிட்டுப் போகும். எனவே வேகமாகப் பிடிப்பவரைவிட, அடுத்தடுத்து மூன்று நான்கு நகரங்களை ஒரே மூச்சில் பிடிப்பவரே பிழைப்பார். போர்ச் சலிப்பே இல்லாத அலெக்சாண்டரும் நகர்வு கூடிய பொலிவாரும் நிற்பது இங்கேதான்.

ராஜதந்திர வெற்றிக்குத் தலைவர் அவ்வளவு முக்கியமில்லை. 20 புள்ளி சேர்க்க வேண்டும், நாடுகள் தீர்மானங்களுக்கு வாக்களிக்கும் உலகக் காங்கிரஸ் கூடுவது 30 டர்னுக்கு ஒருமுறை. யாராக இருந்தாலும் அந்த நாள்காட்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். சுதந்திர தேவி சிலைக்கு 4 புள்ளி, மகாபோதி கோயிலுக்கு 2, பொட்டாலா அரண்மனைக்கு 1. இவற்றைக் கட்டும் உற்பத்தி உள்ள எந்த நாடும் போதும். கனடாவின் வில்பிரிட் லாரியேவுக்குச் சுற்றுலாவிலிருந்தே ராஜதந்திர ஆதரவு (அந்த வாக்குகளுக்குச் செலவழிக்கும் புள்ளி) கிடைக்கும். ஸ்வீடனுக்குப் பெரும் மனிதர் ஒருவர் வரும்போதெல்லாம் 50 ஆதரவு. இரண்டும் வசதிதான். இதில் சுவாரசியமானது ஒரு தந்திரம். நாம் முன்னணியில் இருந்தால் கணினி எதிரிகள் எல்லோரும் சேர்ந்து நம்மிடமிருந்து 2 புள்ளி பறிக்கும் தீர்மானத்துக்கு வாக்களிப்பார்கள். தடுக்க முடியாது என்று தெரிந்தால் நாமும் நமக்கு எதிராகவே வாக்களிக்கலாம். ஜெயித்த பக்கம் வாக்களித்ததற்கு 1 புள்ளி கிடைக்கும், நட்டம் பாதியாகும்.

ஒரே நாட்டில் இரண்டு தலைவர்கள் இருக்கும் இடங்களில் இந்தத் தேர்வு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இந்தியாவுக்கு காந்தியும் உண்டு, சந்திரகுப்தரும் உண்டு. படிக்கிணறு, வரு யானை, தர்மம் என்ற நாட்டுத் திறமை மூன்றும் இருவருக்கும் பொது. தங்கள் நகரத்தில் ஒரே ஒரு பக்தர் இருந்தாலும் அந்த மதத்தின் பலன் கிடைக்கும் என்பதுதான் அந்தத் தர்மம். காந்திக்கு, மதம் நிறுவியும் போரில் ஈடுபடாமலும் இருக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் 5 ஃபெயித். ஆகவே உலகம் அமைதியாக இருக்கும்வரை ஃபெயித் மழை, உலகம் அடித்துக்கொண்டால் வறட்சி. சந்திரகுப்தருக்கு 'எல்லை விரிவாக்கப் போர்' என்ற போர் அறிவிப்பு வகை சீக்கிரமே திறக்கும், முதல் 10 டர்னுக்கு நகர்வும் பலமும் ஏறும். கிரேக்கத்தில் பெரிக்கிளிஸ் நகர அரசுகளோடு நட்பாக இருந்து கலாச்சாரம் சேர்க்கிறார், ஸ்பார்டாவின் கோர்கோ எதிரி யூனிட்டைக் கொன்று அதே கலாச்சாரத்தைச் சேர்க்கிறார். எலினார் தலைகீழ்: ஒரே தலைவி, பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும். அருங்கலைகளைக் குவித்துப் பக்கத்து நாட்டு நகரங்களின் விசுவாசத்தைக் கரைத்து இழுப்பது அவர் வேலை. அதை அதிசயங்கள் கட்டும் பிரான்ஸோடு சேர்த்தால் கலாச்சார வெற்றி, இரும்பும் நிலக்கரியும் அள்ளும் இங்கிலாந்தோடு சேர்த்தால் வேறு ஆட்டம்.

2025 பிப்ரவரியில் வந்த சிவிலைசேஷன் 7 இந்தப் பிணைப்பை முழுதாகவே அவிழ்த்துவிட்டது. வெளியானபோது இருந்த விதிப்படி தலைவர் ஆட்டம் முழுக்க ஒருவர்தான், நாடு மட்டும் மூன்று யுகங்களுக்கு மூன்று. இரண்டாம் யுகத்துக்கான நாடுகளில் சோழர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கான தனிக் கட்டடங்கள் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும். இரண்டும் சேர்ந்தால் ஐந்நூற்றுவர் பெயரில் ஒரு வளாகம். ராஜேந்திரனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பை நினைத்துச் சண்டைக்கார நாடாக எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. சுமத்திராவின் பரூஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை விட்டுச் சென்றவர்கள் இந்த ஐந்நூற்றுவர் வணிகர்கள்தான். அதனால் சோழர்களைக் கடல் வணிகத்துக்கும் அதிலிருந்து வரும் பொருளாதார வெற்றிக்கும் எடுப்பதுதான் பொருத்தம். தலைவராக யாரை வேண்டுமானாலும் வைக்கலாம், கன்ஃபூசியஸோ மாக்கியவெல்லியோ. ஆனால் மூன்றாம் யுகத்தில் சோழர்கள் போய் வேறு நாடு வரும்போது, வெற்றியை முடிக்கும் வேலை அந்தப் புதிய நாட்டுக்குத்தான். முதல் யுகத்தில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்தக் கடைசி நாட்டையும் மனதில் குறித்துக்கொள்வது நல்லது.